நன்றி சொல்லக் கூடாத செடி

க்ளெனிஸ் டோலஃப்சனுக்குப் பொறாமை என்ற குணமே கிடையாது என்று வைட்டிங்ஸ் க்ரீக் ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். க்ளெனிஸையே கேட்டாலும் அதைத்தான் சொல்வாள், கொஞ்சம் அழுத்தமாக. விஸ்கான்சினில், அதுவும் லூத்தரன் தேவாலயத்தின் கீழ்த்தளக் கூடத்தில் ஞாயிறு தவறாமல் காப்பி ஊற்றுகிற ஒரு பெண்மணிக்கு, பொறாமை என்பது வேறு மாநிலத்துக்காரர்களுக்கு வருகிற வியாதி. அவளுக்கு வந்ததெல்லாம் வயிற்றில் ஓர் எரிச்சல். அதற்கு மாத்திரை விற்கிறார்கள். கைப்பையில் ஒரு புட்டி, சமையலறையில் ஒரு புட்டி, காரில் ஒரு புட்டி வைத்திருந்தாள்.

இந்த எரிச்சல் முதன்முதலாக வந்தது மூன்றாம் வகுப்பில். அக்காவுக்கு டான்சில் எடுத்துவிட்டு, ஒரு வாரம் ஐஸ்கிரீம் மட்டும் கொடுங்கள் என்று டாக்டர் சொன்னார். க்ளெனிஸ் கண்ணாடி முன்னால் வாயைப் பிளந்துகொண்டு நின்று, தன் டான்சிலுக்கு மட்டும் ஏன் வீங்கத் தெரியவில்லை என்று கர்த்தரிடம் முறையிட்டாள். தன் கல்யாணத்தன்று தோழிப்பெண்ணின் தொப்பியை நாலு பேர் பாராட்டியபோது வந்தது. பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்த காலத்தில், கூட வேலை பார்த்த ஒருத்திக்குப் பித்தப்பையில் கல் கண்டுபிடித்து, மொத்தப் பள்ளிக்கூடமும் வாழ்த்து அட்டையில் கையெழுத்துப் போட்டு அனுப்பியபோது வந்த எரிச்சல் ஒரு பருவம் முழுக்க நீடித்தது. இரண்டு முறை ஸ்கேன் எடுத்துப் பார்த்தாள். கல் இல்லை.

அந்த ஊரில் யாரும் யாரையும் திட்டுவதில்லை. அதற்கு அவசியமும் இல்லை. ஒரு வார்த்தை இருக்கிறது. புதிதாக ஊதா வண்ணம் அடித்த கதவைப் பார்த்து, அல்லது பக்கத்து வீட்டுக்காரி கொண்டுவந்த உப்பில்லாத மீன் பண்டத்தை ஒரு வாய் வைத்துவிட்டு, "வித்தியாசமா இருக்கு" என்பார்கள். அவ்வளவுதான். கேட்டவர்கள் கதவுக்கு மறுநாளே வெள்ளை அடித்துவிடுவார்கள். மீன் பண்டத்தைச் செய்தவள் அதன் பிறகு தேவாலயத்துக்குக் காகிதத் தட்டு மட்டும்தான் கொண்டுவருவாள். க்ளெனிஸ் அந்த வார்த்தையை மிகச் சிக்கனமாகச் செலவழித்து வந்தவள். பக்கத்து வீட்டுக்கு லுவெல்லா ஸ்காக்ஸ் குடிவந்த பிறகுதான் அவளிடம் கையிருப்பு குறைய ஆரம்பித்தது.

லுவெல்லா கென்டக்கிக்காரி. கணவன் காலமான பிறகு, மகள் பக்கத்து ஊரில் இருக்கிறாள் என்று வடக்கே வந்து சேர்ந்தவள். வயது க்ளெனிஸின் வயதுதான் இருக்கும். ஆனால் யாரைப் பார்த்தாலும் கண்ணு, தங்கம் என்பாள். தபால்காரர் கண்ணு, பாதிரியார் கண்ணு, வரி வசூலிக்க வந்தவரும் கண்ணு. க்ளெனிஸுக்கு நாற்பதைத் தாண்டிய பிறகு யாரும் கண்ணு என்று கூப்பிட்டதில்லை. அதை அவள் ஒரு குறையாக நினைக்கவில்லை, லுவெல்லா ஆர்டனையும் கண்ணு என்று கூப்பிடும் வரை. ஆர்டன் க்ளெனிஸின் கணவன். தீவனக் கம்பெனியில் லாரி ஓட்டி ஓய்வு பெற்ற, அதிகம் பேசாத மனிதன்.

குடிவந்த வாரமே க்ளெனிஸ் தன் கடமையைச் செய்தாள். ஒரு தட்டு நிறைய சாக்லேட் துண்டுகள். தட்டு திரும்பி வர வேண்டும் என்பதற்காக அடியில் தன் பெயர் எழுதி ஒட்டியது. கூடவே ஈரக் காகிதத்தில் சுற்றிய இரண்டு சீடம் தண்டுகள்.

சீடம், அதிலும் உயரமாக வளருகிற ரகம், க்ளெனிஸின் தோட்டத்து மகாராணி. நம் ஊர் ரணகள்ளிக்கு ஒன்றுவிட்ட சொந்தம் என்று வைத்துக்கொள்ளலாம். அதே சதைப்பற்றான இலை, ஒடித்துப் போட்ட இடத்தில் வேர்விடுகிற அதே வெட்கங்கெட்ட சுபாவம். பனிக்காலம் முடிந்ததும் மண்ணுக்கு வெளியே குட்டி முட்டைக்கோசு மாதிரி எட்டிப் பார்க்கும். ஆகஸ்ட் கடைசியில், தோட்டத்தில் மற்றதெல்லாம் ஆடி ஓய்ந்து தலையைத் தொங்கப் போடுகிற நேரத்தில், இது மட்டும் முழங்காலுக்கு மேலே நின்று காலிஃப்ளவர் காலிஃப்ளவராகப் பூவை விரிக்கும். முதலில் இளஞ்சிவப்பு, அப்புறம் செங்கல் நிறம், கடைசியில் துரு. தேனீக்கள் அதை விட்டு எழுந்திருக்க மனமில்லாமல் அங்கேயே கிடக்கும்.

"இந்தாங்க லுவெல்லா. சும்மா மண்ணுல குத்தி வச்சா போதும், புடிச்சுக்கும்," என்றாள் க்ளெனிஸ், வேலிக்கு மேலாக நீட்டி.

லுவெல்லா சாக்லேட் தட்டை வாங்கினாள். "ஐயோ, ரொம்ப ரொம்ப நன்றி கண்ணு! உன் கைக்குத் தங்கக் காப்பு போடணும்!" என்றாள். பிறகு தண்டுகளை வாங்கினாள். வாயைத் திறந்தாள். மூடினாள். "அடேங்கப்பா, கொழுகொழுன்னு இருக்கே," என்று மட்டும் சொல்லிவிட்டு விறுவிறுவென்று உள்ளே போய்விட்டாள்.

க்ளெனிஸ் வேலியோரம் நின்றாள். அவள் வாய், "அதனாலென்ன, பரவாயில்ல" என்ற பதிலைத் தயார் செய்து வைத்துக்கொண்டு திறந்தபடியே இருந்தது.

அந்த ஊரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வேகமாக ஓட்டியதற்கு அபராதச் சீட்டு எழுதுகிற போலீஸ்காரருக்கு அங்கே நன்றி சொல்வார்கள். பல்லைப் பிடுங்கிய டாக்டருக்கு வாயில் பஞ்சோடு நன்றி சொல்வார்கள். விருந்துக்குப் போனால் மேசையில் ஒரு நன்றி, வாசலில் ஒரு நன்றி, காரைக் கிளப்பி, கண்ணாடியை இறக்கி, கடைசியாக ஒரு நன்றி. அப்படிப்பட்ட ஊரில், தன் மகாராணியின் இரண்டு கைகளை ஒடித்துக் கொடுத்தவளுக்கு ஒரு வார்த்தை இல்லை.

"சாக்லேட்டுக்கு மட்டும் வாய் நெறைய நன்றி," என்றாள் ஆர்டனிடம். "செடிக்கு மூச்சே விடல."

"சாக்லேட் நல்லா இருந்துச்சு," என்றான் ஆர்டன்.

லுவெல்லா அந்தத் தண்டுகளைக் கார் நிறுத்துகிற சரளைக்கல் ஓரத்தில், தபால் பெட்டியின் காலடியில் குத்தினாள். தண்ணீர்கூட ஊற்றவில்லை. போய்விட்டாள். அதன்பின் தண்ணீர் ஊற்றவோ களை பிடுங்கவோ அந்தப் பக்கம் அவள் குனிந்ததை க்ளெனிஸ் பார்த்ததே இல்லை. பார்ப்பதற்காகவே சமையலறை ஜன்னலில் நிறைய நேரம் நின்றவள் அவள்.

தண்டு இரண்டும் பிடித்துக்கொண்டன. காரின் கதவு பட்டு ஒடிந்த தண்டை லுவெல்லா பக்கத்திலேயே குத்தினாள். அதுவும் பிடித்தது. வருடங்கள் போகப் போக, சரளைக்கல் பாதையின் இரண்டு பக்கமும் சீடம் வரிசை கட்டி, சுதந்திர தின அணிவகுப்பு மாதிரி நெஞ்சை நிமிர்த்தி நின்றது.

தாய்ச்செடி க்ளெனிஸின் தோட்டத்தில் இருந்தது. ஒற்றைப் பிள்ளையை வளர்க்கிற மாதிரி அவள் அதை வளர்த்தாள். அண்ணன் பண்ணையிலிருந்து மாட்டெரு. காலையில் தண்ணீர். சாயங்காலம், காலைத் தண்ணீர் போதவில்லையோ என்று இன்னொரு தண்ணீர். மீன் கழிவில் செய்த உரம். அதை ஊற்றிய நாட்களில் தெருப் பூனைகள் எல்லாம் மரியாதையாக வந்து உட்கார்ந்திருக்கும். இத்தனையையும் தின்றுவிட்டுச் செடி தழைத்தது, உயர்ந்தது, பளபளத்தது. ஆகஸ்டில் மொட்டு கனத்ததும், மதுக்கடையிலிருந்து வெளியே வருகிறவர்கள் மாதிரி ஒவ்வொரு தண்டும் ஒவ்வொரு திசையில் சாய்ந்தது. நடுவில் வழுக்கை.

க்ளெனிஸ் அதைப் பழைய காலுறைகளால் சேர்த்துக் கட்டினாள். தக்காளிக் கூண்டுக்குள் நிறுத்தினாள். ஒரு வருடம் ஆர்டனின் கல்யாண டை காணாமல் போய், செடியின் இடுப்பில் அகப்பட்டது.

இவ்வளவு பாடும் எதற்காக என்றால், செப்டம்பரில் நடக்கிற தோட்ட நடைக்காக. அன்றைக்கு ஊரே வீடு வீடாகத் தோட்டம் பார்த்துக்கொண்டு போகும். கடைசியாகப் போகிற தோட்டம்தான் அந்த வருடத்தின் சிறந்த தோட்டம்; அங்கேதான் ஆப்பிள் பை என்கிற பலகாரம், காப்பி, அரட்டை எல்லாம். அந்த வீட்டு வாசல் கம்பத்தில் பச்சை வண்ணம் அடித்த ஒரு பழைய தகரப் பூவாளியை மாட்டுவார்கள். அடுத்த செப்டம்பர் வரை அது அங்கே தொங்கும். பூவாளியின் அடியில் ஓட்டை, தண்ணீர் நிற்காது. ஆனால் பல வருடங்களாக அது க்ளெனிஸ் வீட்டு வாசலில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. வாழ்க்கையில் மற்றவர்கள் தன்னைப் பார்த்து எரிச்சல்படக் கூடிய ஒரே பொருள் அதுதான் என்று அவள் நம்பினாள். அதற்காகவே தினமும் துடைத்தாள்.

கதைக்கு வருவோம். ஒரு ஜூன் மாதத்துக் காலைவேளை, பறவை பார்ப்பதற்காக வாங்கிய பைனாகுலரில் க்ளெனிஸ் பறவை அல்லாத ஒன்றைப் பார்த்தாள்.

"ஆர்டன்! ஓடி வா! வெட்டுறா!"

"யார?"

"செடிய! எல்லாத்தையும்! வேலிக் கத்திரி வச்சு பாதிக்குப் பாதி வெட்டித் தள்ளுறா! பைத்தியம் புடிச்சிருச்சா அவளுக்கு?"

ஆர்டன் வந்து பார்த்தான். "அவங்க செடி, அவங்க வெட்டுறாங்க."

"பாவம்," என்றாள் க்ளெனிஸ். அந்தச் சொல்லை அவ்வளவு ருசித்து அவள் சொன்னதை ஆர்டன் முன்பு கேட்டதில்லை. உடனே அடுப்பைப் பற்றவைத்து, லவங்கப்பட்டை போட்டு ஒரு கேக் செய்தாள். சாவு வீட்டுக்குப் போகிற முகத்தை அணிந்துகொண்டு, கேக்கை ஏந்திப் போனாள்.

"என்ன ஆச்சு லுவெல்லா? மான் வந்து கடிச்சிட்டுப் போயிருச்சா?"

"இல்ல கண்ணு, நான்தான். தபால் பெட்டி எங்க இருக்குன்னே தெரியலன்னு தபால்காரர் போன வருஷமே பொலம்பிட்டாரு. அதான் ஒரு அமுக்கு அமுக்கி விட்டேன்."

"ஐயோ. இந்த வருஷம் பூவே வராதே."

"வரலன்னா போகட்டும். அது என்ன, லவங்கப்பட்டை வாசனையா? ரொம்ப நன்றி கண்ணு, உள்ள வா."

க்ளெனிஸ் உள்ளே போகவில்லை. வெட்டிப் போட்ட நுனிகளில் நாலைந்தை லுவெல்லா கட்டை விரலால் சரளைக்கல் இடுக்கில் அழுத்திவிட்டு, மிச்சத்தைக் குப்பைக் குவியலில் எறிவதைத் துக்கத்தோடு பார்த்துவிட்டுத் திரும்பினாள். அந்த வாரம் மாத்திரைப் புட்டியைத் தொடவே இல்லை. ஆர்டனுக்கு இரண்டு முறை பன்றி இறைச்சி வறுத்துக் கொடுத்தாள்.

ஜூலையில் வெட்டுப்பட்ட ஒவ்வொரு தண்டிலிருந்தும் இரண்டு மூன்று தண்டு கிளைத்தது. ஆகஸ்டில் செடிகள் குள்ளமாக, தடியாக, மல்யுத்தக்காரர்கள் தோளோடு தோள் நிற்கிற மாதிரி நின்றன. ஒவ்வொரு கிளையிலும் ஒரு பூக்கொத்து. மாதக் கடைசியில் இடி மழை ஒன்று அடித்துவிட்டுப் போனது. மறுநாள் காலை லுவெல்லாவின் சீடம் தலையைக்கூடத் திருப்பவில்லை. குப்பைக் குவியலில் எறிந்தவையும் வேர்விட்டு, அங்கேயும் பூத்திருந்தன. வேலிக்கு இந்தப் பக்கம் மகாராணி காலுறைகளை அறுத்துக்கொண்டு, தக்காளிக் கூண்டையும் இழுத்துக்கொண்டு, சேற்றில் மல்லாந்து கிடந்தாள்.

அன்றைக்கென்று தோட்டச் சங்கத் தலைவி வெர்னா ப்ரெக்கே, நடைக்குத் தோட்டங்களைத் தேர்ந்தெடுக்க வந்து சேர்ந்தாள். முதலில் லுவெல்லாவின் வீட்டுக்குப் போய் வெகுநேரம் நின்றாள். பிறகு க்ளெனிஸின் வீட்டுக்கு வந்தாள். கழுத்துச் சங்கிலியில் தொங்கிய கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, கீழே கிடந்ததைப் பார்த்தாள். கண்ணாடியைக் கழற்றினாள்.

"வித்தியாசமா இருக்கு, க்ளெனிஸ்," என்றாள்.

அந்த வார்த்தையை வாழ்நாள் முழுக்க மற்றவர்களுக்கே வழங்கிவந்தவளுக்கு, அது வாங்குகிற கைக்கு எவ்வளவு கனக்கும் என்று அதுவரை தெரியாது. இரண்டு மாத்திரையை ஒன்றாகப் போட்டுக்கொண்டு ஆர்டன் முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

"என் செடி. நான் குடுத்தது. அந்தச் செடிய வச்சு என் பூவாளிய எடுத்துக்கப் போறா. குடுத்த அன்னிக்கு ஒரு நன்றி சொன்னாளா? கேளு, சொன்னாளா?"

"அவங்க ஊர்ல சொல்லக் கூடாதாம்," என்றான் ஆர்டன்.

"என்ன?"

"செடி குடுத்தா நன்றி சொல்லக் கூடாதாம். சொன்னா பட்டுப் போயிருமாம். அவங்க ஊர் பழக்கம் அது."

"உனக்கு யார் சொன்னா?"

"அவங்கதான். வந்த வருஷமே சொன்னாங்க. ஒனக்குத் தப்பாப் பட்டிருக்குமோன்னு கேட்டாங்க. இல்ல இல்ல, அவ அதெல்லாம் கணக்குல வச்சுக்க மாட்டான்னு சொன்னேன்."

"இத்தன வருஷமா ஏன் என்கிட்ட சொல்லல?"

ஆர்டன் நேர்மையாக யோசித்தான். "நீ கேக்கலயே."

நியாயமாகப் பார்த்தால் இந்த இடத்தில் க்ளெனிஸின் நெஞ்சு இளக வேண்டும். தான் கொடுத்த செடி நன்றாக வரட்டும் என்றுதானே லுவெல்லா வாயை மூடிக்கொண்டாள் என்று தோன்ற வேண்டும். தோன்றியது. அரை நிமிஷம் இருந்துவிட்டுப் போய்விட்டது. மனத்தில் தங்கியது ஆர்டன் சொன்னதில் வேறொரு பகுதி. சொன்னால் பட்டுப் போயிருமாம்.

க்ளெனிஸ் மூடநம்பிக்கைக்காரி அல்ல. இதை அவளே அன்று மாலை பலமுறை தனக்குச் சொல்லிக்கொண்டாள். ஒரு நல்ல லூத்தரன் இதையெல்லாம் நம்ப மாட்டாள். நம்பாததால் அதில் பலன் ஒன்றும் இருக்கப் போவதில்லை. பலன் இல்லாத ஒன்றைச் செய்து பார்ப்பது பாவத்தில் சேராது. ஆகவே லுவெல்லாவின் வாயிலிருந்து அந்த ஒரு வார்த்தையை வரவழைப்பதில் தவறே இல்லை. இத்தனை வருட ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கம் வீண்போகவில்லை என்று அவளுக்குத் திருப்தியாக இருந்தது.

மறுநாள் பிளம் ஜாம் ஒரு புட்டி எடுத்துக்கொண்டு போனாள். லுவெல்லா முன்வாசல் நாற்காலியில் உட்கார்ந்து பீன்ஸ் உரித்துக்கொண்டிருந்தாள்.

"உக்காரு கண்ணு. ஐஸ் போட்டு டீ தரவா?"

"வேணாம். சும்மா வந்தேன். அந்தச் செடி, நான் குடுத்தது, ஞாபகம் இருக்கா?"

"மறக்க முடியுமா?"

"அன்னிக்கு நீங்க ஏதோ சொல்ல வந்தீங்க. அப்புறம் சொல்லாமலே போயிட்டீங்க."

"அப்படியா? அடுப்புல எதையாவது வச்சிருப்பேன்."

"இப்ப ஒண்ணும் அடுப்புல இல்லையே."

லுவெல்லா திரும்பி வீட்டுக்குள் பார்த்தாள். "இல்ல," என்று ஒப்புக்கொண்டாள். ஒரு பீன்ஸை உரித்தாள்.

"எங்க ஊர்ல, ஒருத்தர் ஒண்ணு குடுத்தா, வாங்கினவங்க ஒரு வார்த்தை சொல்லுவாங்க," என்றாள் க்ளெனிஸ்.

"எங்க ஊர்லயும் சொல்லுவோம் கண்ணு. சாப்பிட்டுட்டுத்தான் போகணும்னு சொல்லுவோம்."

"அது இல்ல. வேற."

"மழ வர்ற மாதிரி இருக்குல்ல?"

வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. க்ளெனிஸ் கடைசி ஆயுதத்தை எடுத்தாள். ஜாமையும் செடியையும் ஒரே முடிச்சாகப் போட்டு நீட்டினாள். "இந்தாங்க, பிளம் ஜாம். அன்னிக்கு அந்தச் செடியக் குடுத்தப்போ எவ்வளவு மனசாரக் குடுத்தேனோ, அதே மாதிரி இதையும் குடுக்கறேன். ரெண்டையும் சேத்து வச்சுக்குங்க."

லுவெல்லா புட்டியை வாங்கினாள். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். க்ளெனிஸ் மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

"ஜாமுக்கு நன்றி," என்றாள் லுவெல்லா, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்து. "ஜாமுக்கு மட்டும்."

பிறகு பீன்ஸ் கிண்ணம் குலுங்கச் சிரித்தாள். "ஆர்டன் இத்தன வருஷம் கழிச்சு வாயத் தொறந்துட்டாரா?"

க்ளெனிஸின் முகம் அந்த ஜாமின் நிறத்துக்குப் போனது. அடுப்பில் ஏதோ வைத்துவிட்டு வந்ததாகச் சொல்லி எழுந்து போனாள்.

கடைசித் தோட்டம் லுவெல்லாவுடையது என்று அந்த வாரம் சங்கம் முடிவு செய்தது. பூவாளியை வைத்திருந்தவர் தன் கையாலேயே கொண்டுபோய் அடுத்த வாசலில் மாட்ட வேண்டும் என்பது வழக்கம். இந்த வழக்கத்தை ஏற்படுத்தியவர் யாரோ, அவருக்கு அண்டை வீட்டுக்காரர்களே இருந்திருக்க மாட்டார்கள். நடை நாளில் ஊர் பார்க்க, பளபளவென்று துடைத்த பூவாளியோடு க்ளெனிஸ் வேலியைச் சுற்றிக்கொண்டு வந்தாள். சரளைக்கல் பாதையில் இரண்டு பக்கமும் செங்கல் நிறத்தில் சீடம். தேனீக்கள். ஒரு தண்டுகூடச் சாயவில்லை; தேடித் தேடிப் பார்த்தாள். பூவாளியை மாட்டினாள். கை தட்டினார்கள்.

லுவெல்லா கையை உயர்த்தினாள். "ஒரு நிமிஷம். எல்லாரும் கேட்டுக்குங்க. இங்க நிக்கிற அத்தனையும் க்ளெனிஸ் குடுத்த ரெண்டே ரெண்டு தண்டுலேருந்து வந்தது. அவ குடுக்கலன்னா இங்க வெறும் கல்லுதான். கை தட்டறதுன்னா அவளுக்குத் தட்டுங்க."

இன்னும் பலமாகத் தட்டினார்கள். வெர்னா ப்ரெக்கே வந்து க்ளெனிஸின் தோளை அணைத்தாள். க்ளெனிஸ் சிரித்தாள், அந்தச் சிரிப்பில் கன்னம் இரண்டு நாள் வலித்தது. எதிரி கெட்டவளாக இருந்தால் பொறாமைக்குப் பிடித்துக்கொள்ள ஒரு கொம்பாவது கிடைக்கும். லுவெல்லா அதையும் விட்டுவைக்கவில்லை. க்ளெனிஸின் பூவாளி, செடி, கைதட்டல் எல்லாவற்றையும் எடுத்து, பெருமையைத் திருப்பியும் கொடுத்துவிட்டாள். ஆப்பிள் பையை மென்றுகொண்டே க்ளெனிஸ் தனக்குள் ஒரு புதிய எரிச்சலைக் கண்டுபிடித்தாள். லுவெல்லாவுக்குப் பொறாமையே இல்லை. அதைப் பார்த்து இவளுக்குப் பொறாமையாக இருந்தது.

அக்டோபரில், மகாராணிக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று இன்னொரு வண்டி மாட்டெரு வரவழைத்துக் கழுத்துவரை மூடினாள். அதன் மேல் வைக்கோல். அதன் மேல் பனி. ஏப்ரலில் பனி உருகித் தண்ணீர் நின்றது. லுவெல்லாவின் சரளையில் குட்டி முட்டைக்கோசுகள் எட்டிப் பார்த்தன. க்ளெனிஸின் பாத்தியில் ஒன்றும் இல்லை. மே மாதம் வரை காத்திருந்தாள். பிறகு மண்வெட்டியால் தோண்டினாள். அழுகின உருளைக்கிழங்கு மாதிரி ஏதோ மண்வெட்டியில் ஒட்டிக்கொண்டு வந்தது. வாடை அடித்தது.

அவள் அழவில்லை. மண்வெட்டியை வைத்துவிட்டு, வெறும் பாத்தியின் பக்கத்தில், புல்லின் மேல் உட்கார்ந்தாள். சாப்பாட்டு நேரம் வரை எழுந்திருக்கவில்லை. ஆர்டன் வந்து ஒன்றும் கேட்காமல் பக்கத்தில் உட்கார்ந்தான். கேட்காமல் இருப்பதில் அவனை மிஞ்ச ஆள் இல்லை. சில சமயம் அது உதவியது.

ஜூன் வந்தது. வேலிக் கத்திரியின் சத்தம் கேட்டது. க்ளெனிஸ் பைனாகுலரை எடுக்கவில்லை. துணி காயப் போட்டுக்கொண்டு, வேண்டுமென்றே முதுகைக் காட்டி நின்றாள்.

"க்ளெனிஸ்."

வேலிக்கு அந்தப் பக்கம் லுவெல்லா நின்றாள், கை கொள்ளாமல் வெட்டிய நுனிகளோடு. இந்த முறை கண்ணு என்று கூப்பிடவில்லை.

"கீழ் இலையக் கிள்ளிட்டு, ஒரு நாள் நெழல்ல போட்டு வெட்டு வாய் காயட்டும். அப்புறம் குத்து. ஆனா அந்தப் பாத்தியில வேணாம். ஒன் கார் ஷெட்டுக்குப் பின்னால கல்லும் மண்ணுமா, வெயிலா ஒரு எடம் இருக்கு பாரு, அங்க. எரு கிரு கிட்ட கொண்டு போனேன்னு தெரிஞ்சுது, வேலி தாண்டி வருவேன்."

க்ளெனிஸ் கையை நீட்டி வாங்கினாள். தண்டுகள் குளிர்ச்சியாக, கனமாக இருந்தன. அவள் மகாராணியின் பேரப்பிள்ளைகள். அவள் வாய் தானாகத் திறந்தது.

பிறந்தது முதல் ஒரு பொருளையும் நன்றி சொல்லாமல் வாங்கி அறியாதவள். உப்புப் புட்டியை நகர்த்திக் கொடுத்தவருக்குச் சொன்னவள். பல் டாக்டருக்குச் சொன்னவள். போன செப்டம்பரில் தன் பூவாளியை இழந்தபோதுகூட வெர்னா ப்ரெக்கேவுக்குச் சொன்னவள். அந்த வார்த்தை வயிற்றிலிருந்து கிளம்பித் தொண்டைக்கு வந்து, பல்லின் பின்னால் வந்து நின்று தட்டியது. க்ளெனிஸ் உதட்டைக் கடித்தாள். தாடை நடுங்கியது. கண்ணில் நீர் கட்டியது. கழுத்தில் ஒரு நரம்பு எழுந்தது. லுவெல்லா பிரசவம் பார்க்கிறவள் மாதிரி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"கொழுகொழுன்னு," என்றாள் க்ளெனிஸ் கடைசியில், மூச்சு வாங்க. "கொழுகொழுன்னு இருக்கு."

"சபாஷ்," என்றாள் லுவெல்லா.

அந்த நேரம் கார் ஷெட் கதவைத் திறந்துகொண்டு ஆர்டன் வெளியே வந்தான். மனைவியின் கையில் இருந்ததைப் பார்த்தான். முகம் மலர்ந்தது. ஊரிலேயே குறைவாகப் பேசுகிறவன், அன்றைக்குக் குரலை உயர்த்தி, "ரொம்ப நன்றி லுவெல்லா!" என்றான்.

இரண்டு பெண்களும் கல்லாய் நின்றார்கள்.

"ஆர்டன்!" என்றாள் க்ளெனிஸ். நுனிகளைக் குழந்தையின் காதைப் பொத்துகிற மாதிரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். "போச்சு! எல்லாம் போச்சு! நீதான சொன்ன, சொல்லக் கூடாதுன்னு!"

"நீ நம்ப மாட்டியேன்னு நெனச்சேன்," என்றான் ஆர்டன்.

"இரு, இரு," என்றாள் லுவெல்லா. அந்த வயதில் அவளால் அப்படி ஓட முடியும் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். வீட்டுக்குள் ஓடி, ஆவி பறக்கிற இரும்புச் சட்டியோடு திரும்பி வந்தாள். சட்டியில் மக்காச்சோள ரொட்டி. வேலிக்கு மேலாக நீட்டினாள்.

"இந்தாங்க ஆர்டன். இப்ப நன்றி சொன்னீங்கல்ல? இதுக்குத்தான் சொன்னீங்க."

"நான் அப்ப இதப் பாக்கவே இல்லையே."

"இதுக்குத்தான் சொன்ன!" என்றாள் க்ளெனிஸ்.

ஆர்டன் ஒருத்தி முகத்தைப் பார்த்தான், மற்றவள் முகத்தைப் பார்த்தான். லாரி ஓட்டிய காலத்தில் எந்தச் சாலையில் எப்போது ஒதுங்க வேண்டும் என்று தெரிந்து வைத்திருந்தவன். "ஆமா," என்றான். "வாசனை மொதல்லயே வந்துச்சு. இதுக்குத்தான்."

மறுநாள் க்ளெனிஸ் தண்டுகளை ஷெட்டுக்குப் பின்னால் கல்லும் மண்ணும் கலந்த இடத்தில் குத்தினாள். தண்ணீர் ஊற்றவில்லை. ஊற்றாமல் இருப்பதற்காகக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். அவை பிடித்தனவா என்று கேட்டால், அது சீடம். பிடிக்காமல் என்ன செய்யும்? ஆனால் ரொட்டியைச் சரியான நேரத்தில் கொண்டுவந்ததால்தான் பிடித்தது என்று இரண்டு பெண்களும் இன்றுவரை உறுதியாகச் சொல்கிறார்கள். பூவாளி இன்னும் லுவெல்லா வாசலில்தான் தொங்குகிறது. அதைக் கடந்து போகும்போது க்ளெனிஸ் கைப்பையில் இருக்கிற மாத்திரைப் புட்டியைத் தடவிக்கொள்கிறாள்.

இது பின்னால் நடந்தது. அன்றைக்கு, வேலியோரம், லுவெல்லா ரொட்டியை வெட்டிக் கொடுத்தாள். க்ளெனிஸ் ஒரு கையில் தண்டுகளைப் பிடித்தபடி மறுகையால் ஒரு வாய் கடித்தாள். ஓரம் மொறுமொறுவென்று, நடுவில் பஞ்சு மாதிரி. அவள் வீட்டு அடுப்பில் எந்தக் காலத்திலும் அந்த ஓரம் வந்ததில்லை. ஆர்டன் கண்ணை மூடிக்கொண்டு தின்றான். கல்யாணமான நாளிலிருந்து இவள் சமையலுக்கு அவன் கண்ணை மூடியதில்லை.

வயிற்றில் பழகின இடத்தில், பழகின எரிச்சல் மெதுவாக எழுந்தது.

"எப்படி இருக்கு கண்ணு?" என்று கேட்டாள் லுவெல்லா.

க்ளெனிஸ் நிதானமாக மென்று விழுங்கினாள்.

"வித்தியாசமா இருக்கு," என்றாள்.

லுவெல்லா அந்த ஊருக்கு வந்து எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். தலையை ஆட்டிச் சிரித்துவிட்டு, இருப்பதிலேயே ஓரம் அதிகமாக இருந்த துண்டாகப் பார்த்து வெட்டி, க்ளெனிஸ் கையில் வைத்தாள்.

"தின்னு," என்றாள்.

க்ளெனிஸ் தின்றாள்.